சின்ன வேலைதானே!

படங்களைத் திருத்தும் கட்டற்ற மென்பொருள்களுக்கு (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், நிரலையும் மாற்றலாம் என்பவை) வசதி கேட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு பொதுக் குணம் உண்டு. கேட்கும் வசதி எதுவானாலும், அது சின்ன வேலை என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். "ஒரு பட்டன்தானே", "ஒரு டிக் பாக்ஸ் வைத்தால் போதும்", "தெரிந்தவர் உட்கார்ந்தால் அரை மணி நேரம்". சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "இதைக்கூடச் செய்யாமல் இத்தனை வருஷம் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று முடிப்பார்கள்.

இவற்றைப் படிப்பது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. பிழைப்புக்குப் பழைய புகைப்படங்களைச் சீர்செய்து கொடுக்கிறேன். கீறல், பூஞ்சைக் கறை, மங்கிப்போன முகம் என்று பகல் முழுவதும் அவற்றோடுதான். ராத்திரியில், நான் பயன்படுத்தும் ஒரு சிறிய மென்பொருளுக்கு வரும் கோரிக்கைகளைப் படித்து வகை பிரிக்கிறேன். ஏற்கெனவே வந்ததை வந்ததோடு சேர்ப்பேன், புரியாததைத் திரும்பக் கேட்பேன், மிச்சத்தை நிரல் எழுதுகிறவர்களின் பார்வைக்கு நகர்த்துவேன். எனக்கு நிரல் எழுத வராது. அதனால் பயன்படுத்துகிறவர்கள் என்னை டெவலப்பர் என்று நினைத்துத் திட்டுவார்கள். டெவலப்பர்கள் என்னைப் பயன்படுத்துகிறவர்களின் வக்கீல் என்று நினைத்து அலுத்துக்கொள்வார்கள். அந்த மென்பொருளின் பெயர் வேண்டாம். அதை எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த கிம்ப் (படம் திருத்த), கிரிட்டா (ஓவியம் வரைய) இரண்டையும் வைத்தே பெரும்பாலும் பேசிவிடலாம்.

வட்டத்தில் தொடங்குகிறேன். கிம்ப்பைப் புதிதாகத் திறக்கும் யாரும் சீக்கிரத்தில் கேட்டுவிடும் கேள்வி, "இதில் வட்டம் வரைய ஏன் ஒரு கருவி இல்லை?" என்பது. பெயின்ட்டில்கூட இருக்கிறதே என்பது அடுத்த வரி. வழி என்னவோ இருக்கிறது. நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து, இழுக்கத் தொடங்கிய பிறகு ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் தேர்வு சரியான வட்டமாக நிற்கும். அப்புறம் எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்ஷன் போய், கோட்டின் தடிமனைக் கொடுத்தால் வட்டம் விழுந்துவிடும். இதைச் சொன்னால் கேட்டவர் இன்னும் கோபமாகத்தான் போவார். அவர் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. விழுந்தது வட்டம் இல்லை, வட்டமாக நிறம் மாறிய புள்ளிகள். கொஞ்சம் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். கோட்டை மெலிதாக்க வேண்டுமென்றால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கு வேண்டியது, தன் ஆரத்தையும் நிறத்தையும் நினைவில் வைத்திருக்கிற வட்டம். நாளைக்குத் திறந்து பிடித்து இழுத்தாலும் கூர்மை குறையக்கூடாது.

அப்படியொரு வட்டம் வேண்டுமானால் அதற்கென்று ஒரு புதுவகை லேயர், அதாவது படத்தின்மேல் அடுக்கும் தனித் தாள், வேண்டும். அந்த லேயரை, கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பில் எப்படிச் சேமிப்பது, அந்தக் கோப்பைப் பழைய பதிப்பில் திறந்தால் என்ன காட்டுவது, அதன்மேல் பிரஷ்ஷை வைத்து யாராவது தேய்த்தால் என்ன ஆவது, சுழற்றினால், சாய்த்தால், அன்டூ செய்தால், யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் அதைச் சாதாரண லேயர் என்று நினைத்துத் தொட்டால்? பட்டன் ஒன்றுதான். அதன் வால் மென்பொருளின் எல்லா அறைகளுக்குள்ளும் போகிறது.

இது யாருக்கும் தோன்றாத யோசனையும் இல்லை. 2006-இல், மாணவர்கள் கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதும் கூகுளின் கோடைகாலத் திட்டத்தில், கிம்ப்புக்காக ஒரு மாணவர் இப்படிப்பட்ட லேயருக்கான வேலையைத் தொடங்கினார். வெக்டர் லேயர் என்று அதற்குப் பெயர். அதே கோடையில் இன்னொருவர் கறையைச் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷையும், வேறொருவர் தூரத்துக்கேற்ப வடிவத்தை மாற்றி நகலெடுக்கும் பெர்ஸ்பெக்டிவ் குளோனையும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் சொன்ன இரண்டும் 2007-இல் வந்த 2.4 பதிப்பிலேயே நம் கைக்கு வந்துவிட்டன. ஹீலிங் பிரஷ் இல்லாமல் என் பகல் வேலை ஒரு மணி நேரம்கூட நகராது. வெக்டர் லேயர் மட்டும் முதன்மை நிரலில் சேராமல் தனிக் கிளையிலேயே தங்கி, 2025-இன் சோதனைப் பதிப்புகளில்தான் தலைகாட்டியது. கோடை ஒன்றுதான், பிறகு ஏன் இப்படி? ஹீலிங், படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுக்கும், ஏற்கெனவே இருந்த குளோன் கருவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் விஷயம். பிரஷ் ஓடுவது, தடம் பதிவது எல்லாம் தயாராக இருந்தன. வெக்டர் லேயருக்கு அப்படித் தயாராக இருந்தது குறைவு. கோடை முடிந்தால் மாணவர் படிப்புக்குத் திரும்பிவிடுவார். மிச்சத்தை எடுத்துச் செய்ய இன்னொருவருக்கு ஆசையும் நேரமும் ஒரே சமயத்தில் வர வேண்டும். அது வருவதற்குள் கிட்டத்தட்ட இருபது வருஷம் போய்விட்டது.

ஆசை, நேரம் என்று சொல்வதைச் சிலர் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கிம்ப் பிறந்த கதையே அதுதான். ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது 1995-இல் தொடங்கியது. 1996 ஜனவரியில் 0.54 பதிப்பு பொதுவில் வந்தது. படிப்பு முடிந்ததும் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். 'இனி நீ பார்த்துக்கொள்' என்று யாரையும் நிறுத்திவிட்டுப் போகவில்லை. 1998-இல் 1.0 வந்ததென்றால், நடுவில் யாரும் கேட்காமலே கை கொடுத்தவர்களால் வந்தது. இன்றைக்கும் அங்கே போய் 'உங்கள் மேலாளர் யார்?' என்று கேட்க முடியாது. கிம்பாலும் மேட்டிஸும் 2015-இல் காக்ரோச் லேப்ஸ் என்ற டேட்டாபேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் இருவர். தங்கள் பழைய நிரலில் வட்டம் வரைய வருமா என்று அவர்களை யாராவது கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது என் தொழிலை நேரடியாகத் தொட்ட விஷயம். மங்கிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஸ்கேன் செய்தால், எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் எல்லாம் நடுவில் குவிந்திருக்கும். ஒரு சேனலுக்கு 8 பிட் என்றால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை, 0 முதல் 255 வரை 256 படிகள். மங்கிய படம் அதில் 100-லிருந்து 150 வரை மட்டும் பிடித்திருக்கும் என்று வையுங்கள். 51 படிகள். வெளிச்சத்தின் எல்லைகளை மாற்றும் லெவல்ஸ் கருவியை எடுத்து அதை 0 முதல் 255 வரை இழுத்தால் கறுப்பு கறுப்பாகும், வெள்ளை வெள்ளையாகும். ஆனால் படிகள் அதே 51-தான். ஹிஸ்டோகிராம் சீப்பின் பல்லைப் போல இடைவெளி விட்டு நிற்கும். கன்னத்தில் வெளிச்சம் மெல்ல இறங்க வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாக விழும். அதே படத்தை 16 பிட்டில் ஸ்கேன் செய்து 16 பிட்டிலேயே திருத்தினால் மொத்தப் படிகள் 65,536. அந்தக் குறுகிய பகுதிக்குள்ளேயே 13,000-க்கும் மேல் கிடைக்கும். இழுத்தாலும் கன்னம் கன்னமாக இருக்கும்.

இது வேண்டும் என்று 1990-களின் கடைசியிலேயே சினிமா வேலை செய்தவர்கள் கேட்டார்கள். சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை, ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கையும் கொடுத்தார்கள். 16 பிட் கையாளும் கிளை ஒன்று உருவானது. அது முதன்மை நிரலில் சேரவில்லை. ஃபிலிம் கிம்ப் என்று தனியே போய், பிறகு சினிபெயின்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதன்மைக் குழுவின் நிலைப்பாடு இப்படி: ஒட்டுப்போட வேண்டாம், படத்தைக் கையாளும் எந்திரத்தையே புதிதாக எழுதுவோம். அந்த எந்திரம்தான் ஜெகல். 2000-இல் தொடங்கினார்கள். மொட்டைமாடியில் ஓர் அறை கேட்டவரிடம், முதலில் அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்றுகிறோம், அதுவரை நீங்கள் உள்ளேயே குடியிருக்கலாம் என்று சொன்ன மாதிரி.

2008-இல் 2.6 வந்தபோது ஜெகல் ஓரமாக எட்டிப்பார்த்தது. 2012-இன் தொடக்கத்தில் டெவலப்பர்களான மைக்கேல் நாட்டரரும் ஓய்விண்ட் கோலாஸும் சேர்ந்து உட்கார்ந்து, சில வாரங்களில் கிம்ப்பின் மையப் பகுதியைப் பெருமளவு ஜெகலுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெகலின் சின்னம் ஓர் ஆடு என்பதால் அதற்கு 'ஆட்டுப் படையெடுப்பு' என்று கேலியாகப் பெயரும் வைத்தார்கள். அந்த வேலை முழுதாகப் பதிப்பாக நம் கைக்கு வந்தது 2018 ஏப்ரலில், 2.10-ஆக. தொடங்கியதிலிருந்து எண்ணினால் 18 வருஷம்.

அந்த வருஷங்களில் யார் எதைக் கேட்டாலும் வந்த பதில் "ஜெகல் வந்ததும்". செய்த மாற்றத்தைப் பிறகு திருத்த முடிகிற மாதிரி ஃபில்டர் வேண்டுமா? ஜெகல் வந்ததும். கீழே உள்ள படத்தைத் தொடாமல் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரா? ஜெகல் வந்ததும். கேட்டவர்கள் இதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பதில் பொய்யில்லை. லேயரின் மேல் ஃபில்டரைப் போட்டுவிட்டு, மறுநாள் அதன் அளவை மாற்றவோ அதை மறைத்து வைக்கவோ முடிகிற வசதி 2025 மார்ச்சில் 3.0-இல் வந்தது. அது அந்த ஆட்டின் முதுகில்தான் ஏறி வந்தது. திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. சொன்ன விதத்தில் குறை உண்டு. 'வந்ததும்' என்பதோடு, 'அந்த வேலையில் இப்போது இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், அதுவும் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், காத்திருக்கலாமா வேறு வழி பார்க்கலாமா என்று கேட்டவர் தானே முடிவு செய்திருப்பார். பெரிய நிறுவனத்திடம் பேசுகிறோம் என்ற நினைப்பில் எழுதுகிறவரிடம், அந்தப் பக்கம் இருப்பது எத்தனை கை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் இப்போது என் பதில்களில் அதைத்தான் முதல் வரியாக வைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது 2012-இன் சேவ் கலாட்டா. அந்த வருஷம் மே மாதம் 2.8 வந்தது. எல்லாப் பெட்டிகளும் ஒரே ஜன்னலுக்குள் இருக்கும் முறை, லேயர்களைக் குழுவாக்குவது என்று மக்கள் காலம் காலமாகக் கேட்டவை அதில்தான் வந்தன. அவற்றுக்குக் கிடைத்த கைதட்டலை வேறொரு மாற்றம் விழுங்கிவிட்டது. சேவ் கொடுத்தால் இனி எக்ஸ்சிஎஃப் மட்டும். ஜேபெக், பிஎன்ஜி வேண்டுமானால் எக்ஸ்போர்ட். ஒரு ஜேபெக்கைத் திறந்து ஓரத்தை வெட்டிவிட்டு கன்ட்ரோல் எஸ் அழுத்திப் பழகியவர்கள் கொதித்துப்போனார்கள். திரும்பப் பழையபடி ஆக்குங்கள் என்று கோரிக்கை மேல் கோரிக்கை. குழு அசையவில்லை. அதே பதிப்பில் ஃபைல் மெனுவிலேயே, திறந்த கோப்பின் மீதே எழுதும் ஓவர்ரைட் வசதி இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

நான் குழுவின் பக்கம். லேயர்கள் அடுக்கி வேலை செய்த படத்தை ஜேபெக்காகச் சேமித்துவிட்டு மூடிய ஒருவர், லேயர் எல்லாம் எங்கே என்று கேட்டு வரும்போது சொல்வதற்குப் பதிலே கிடையாது. ஆனால் தினமும் கைபேசிப் படங்களின் ஓரத்தை மட்டும் வெட்டுகிறவருக்கு இது வீண் அலைச்சல் என்பதும் உண்மை. இரண்டு பேருக்கும் ஒரே சாவி. யாருக்காக என்று தீர்மானித்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தீர்மானத்தைத் தலை எண்ணிக்கையால் எடுக்க முடியாது, ஏனென்றால் கோபப்பட்டவர்கள்தான் எழுத வருவார்கள். லேயரைக் காப்பாற்றிக்கொண்டவர் எதற்கு எழுதப்போகிறார், அவருக்குத் தான் காப்பாற்றப்பட்டதே தெரியாதே. 2020-இல் 2.10.18 வந்தபோதும் இதே கூத்து. கருவிப்பெட்டி நீண்டுகொண்டே போகிறது, ஒத்த கருவிகளைக் குழுவாக்குங்கள் என்று கேட்டார்கள், குழுவாக்கினார்கள், உடனே என் கருவி எங்கே காணோம் என்று இன்னொரு கூட்டம். கேட்டவர்கள் வேறு, திட்டியவர்கள் வேறு. நடுவில் நிற்பவர் ஒருவரே.

இனி என் மேசைக்கு வருகிறேன். நான் சொன்ன அந்தச் சிறிய மென்பொருளுக்கு ஒரு கோரிக்கை வந்தது. தலைப்பு: "கிராப் கருவியில் பூட்டு பட்டன்". கிராப் என்பது சட்டகம் போட்டுப் படத்தை வெட்டும் கருவி. விவரம் ஒரே வரி: "ஒவ்வொரு படத்துக்கும் அளவைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது, ஒரு பூட்டு வைத்தால் போதும், சின்ன வேலைதான்."

எனக்கே பிடித்த யோசனை. அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்டேன். எந்தப் படங்கள், எத்தனை, வெட்டிய பிறகு அவற்றை என்ன செய்கிறீர்கள்? பூட்டிய அளவைவிடச் சிறிய படம் வந்தால் சட்டகம் என்ன செய்ய வேண்டும், சுருங்க வேண்டுமா, வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? மென்பொருளை மூடித் திறந்தால் பூட்டு இருக்க வேண்டுமா? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பதில் போடாமல் போய்விடுவார்கள். சிலர், "இவ்வளவு கேள்வி எதற்கு, செய்ய மனமில்லை என்று சொல்லிவிடுங்களேன்" என்பார்கள். இவர் நீளமாகப் பதில் எழுதினார். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்கிறாராம். சில பக்கங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற ரெசல்யூஷன் கணக்கு), சிலவற்றை வேறு ஸ்கேனரில் 600 டிபிஐ. ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படங்கள் எல்லாம் ஒரே அளவு, 100-க்கு 150 மில்லிமீட்டர். வெட்டி எடுத்து அதே அளவில் அச்சடித்து, புது ஆல்பத்தில் ஒட்ட வேண்டும்.

இதைப் படித்ததும் பூட்டு செத்துப்போனது. பிக்சலில் பூட்டினால், 300 டிபிஐ பக்கத்தில் 1,181 பிக்சல் அகலம் கொண்ட சட்டகம், 600 டிபிஐ பக்கத்தில் படத்தின் பாதி அகலத்தைத்தான் பிடிக்கும். அங்கே 2,362 வேண்டும். அவர் கேட்டது பூட்டு. அவருக்கு வேண்டியிருந்தது மில்லிமீட்டர். கிராப் கருவியின் அளவுப் பெட்டியில் அலகைத் தேர்ந்தெடுக்க வழி இருந்து, அந்த அலகு படத்தின் ரெசல்யூஷனைப் பார்த்துக் கணக்குப் போட்டால் போதும். அளவு நினைவில் நிற்பது அதன் கூடவே வந்துவிடும். கோரிக்கையின் தலைப்பை மாற்றி, அவர் எழுதியதை அப்படியே மேலே வைத்து அனுப்பினேன். கருவிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் அதைப் படித்துவிட்டு, "இது எனக்கே வேண்டும்" என்றார். எனக்கே வேண்டும் என்று ஒரு டெவலப்பர் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒரு வாரக் கடைசியில் எழுதி முடித்துவிட்டார். ஆக, சின்ன வேலைதானா? நிரல் சின்னதுதான். அதற்குப் பிறகு அலகுப் பெட்டிக்கான சொற்களை மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உதவிக் குறிப்பில் இருந்த படங்கள் பழசாகிவிட்டன, அவற்றைப் புதிதாக எடுத்தேன். பதிப்பு வெளிவந்த பிறகு புகார் வந்தது: "100 மில்லிமீட்டர் கொடுத்தால் தபால்தலை அளவுக்குச் சட்டகம் வருகிறது." படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், கோப்பில் ரெசல்யூஷன் தகவலே இல்லை. தகவல் இல்லாதபோது மென்பொருள் தானாக 72 டிபிஐ என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 72-இல் 100 மில்லிமீட்டர் என்றால் 283 பிக்சல். பெரிய ஸ்கேனில் அது ஒரு மூலை. முன்பும் அந்த 72 உள்ளே இருந்தது, யாரையும் கடித்ததில்லை. மில்லிமீட்டர் வந்த பிறகுதான் அது பாம்பாகிவிட்டது. தகவல் இல்லாவிட்டால் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கேட்கும் பெட்டி எரிச்சலாக இருக்கிறது என்று அடுத்த கோரிக்கை வந்தது. இவை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவரும் அதே நண்பர்தான். ஒரு வசதியை எழுதிக் கொடுப்பவர் அதன் ஆயுள் முழுவதும் அதற்கு ஜாமீன்தாரராக நிற்கிறார். வேறு யாரோ எழுதி அனுப்பும் பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, சேர்க்கப் பராமரிப்பாளர்கள் தயங்குவதும் இதனால்தான். எழுதியவர் போய்விடுவார், ஜாமீன் இவர் தலையில்.

இங்கே பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நான் காசு தருகிறேன், செய்து கொடுங்கள்" என்பவர்கள் உண்டு, நல்ல மனசுக்காரர்கள். ஒரு வசதிக்கு ஒரு தொகை என்றால் எழுதும் வாரத்துக்குக் கூலி கிடைக்கும், பின்னால் வரும் வருஷங்களுக்குக் கிடைக்காது. கிரிட்டா இதைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்தது. 2014-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 15,000 யூரோ கேட்டார்கள், அடுத்த வருஷம் 20,000. இரண்டிலும் கேட்டதற்கு மேல் கிடைத்தது, இரண்டாவதில் 30,000-ஐத் தாண்டியது. கூடுதல் பணத்தில் எந்தெந்த வசதிகள் என்பதைக் கொடுத்தவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலை வைத்தது குழு. தங்களால் முடியும், செய்ய விருப்பமும் இருக்கிறது என்பவை மட்டும் அதில் இருந்தன. இதற்கு முன்பே இன்னொரு முடிவும் எடுத்திருந்தார்கள்: கிரிட்டா ஓவியம் வரைகிறவர்களுக்கு, புகைப்படத் திருத்தத்துக்கு இல்லை. அப்படி ஒரு கோடு கிழித்துவிட்டால் வேண்டாம் என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. கேட்பவருக்கும் அவமானமாகத் தோன்றுவதில்லை.

ஆனாலும் பணம் மந்திரக்கோல் இல்லை. 2016-இல் எழுத்துக் கருவிக்கும் வெக்டருக்கும் என்று சொல்லியே பணம் திரட்டினார்கள். 2018-இல் 4.0 பதிப்பில் இரண்டும் வந்தன. எழுத்துக் கருவி வந்ததே தவிர, அதில் யாருக்கும் முழு திருப்தி இல்லை. அதன்பிறகும் பல வருஷங்கள் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். எழுத்து என்பது அப்படிப்பட்ட சமாச்சாரம்.

இவ்வளவும் டெவலப்பர்கள் பக்கம் சாய்ந்து எழுதியதாகத் தெரியலாம். அவர்களிடமும் எனக்கொரு புகார் உண்டு. "பேட்ச் அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்ற பதில். சி மொழியில் எழுதிய, பல லட்சம் வரிகள் கொண்ட ஒன்றை, புகைப்படம் திருத்துகிற ஒருவர் முன்னால் தள்ளிவிட்டு நீயே செய்துகொள் என்பது அழைப்பு இல்லை, வாசல் கதவைச் சாத்துவது. செய்ய மாட்டோம் என்பதை நேராகச் சொல்வது மேல். "இது எங்கள் பாதையில் இல்லை" என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டால் கேட்டவர் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு வேறு மென்பொருளைத் தேடிப் போவார். பத்து வருஷம் திறந்தே கிடக்கும் கோரிக்கை, வருஷத்துக்கு ஒருவரை வரவழைத்து, "இன்னுமா?" என்று எழுத வைக்கிறது. நான் உதவும் இடத்தில் பழைய கோரிக்கைகளைக் காரணம் சொல்லி மூட ஆரம்பித்திருக்கிறோம். திட்டு விழுகிறது. சில திட்டுகளுக்கு அடியில் சரியான விவரம் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்த்துத் திரும்பத் திறக்கிறோம். திட்டுகிறவர் ஆத்திரத்தில் தான் என்ன வேலை செய்கிறார் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறார். சாந்தமாக "இந்த வசதி இருந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதுகிறவரிடமிருந்து அது கிடைப்பதில்லை.

கிராப் விஷயம் இன்னும் ஓயவில்லை. அந்த ஆல்பக்காரர் இப்போது சாய்ந்து ஒட்டிய படங்களுக்காகச் சட்டகத்தையே சுழற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். இந்த முறை தானாகவே நான்கு படங்களும், எந்த வரிசையில் என்ன செய்கிறார் என்ற விவரமும் இணைத்திருந்தார். சட்டகம் சுழன்றால் மில்லிமீட்டர்க் கணக்கு எந்த அச்சில் நிற்க வேண்டும் என்பதில் நண்பருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளச் சோதனைக் கோப்புகள் வேண்டும்: சாய்வாக ஸ்கேன் ஆன பக்கங்கள், முக்கியமாக ரெசல்யூஷன் தகவல் இல்லாதவை. உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள். குடும்பப் படங்கள் வேண்டாம். சாய்த்து வைத்து ஸ்கேன் செய்த வெற்று அட்டையே போதும், கூடவே அட்டையின் நிஜ அளவை அளந்து எழுதுங்கள்.